கிணற்று ஃபுளோரைடுக்குப் பாக்டீரியாவா, படிகாரமா, ஆற்றுத் தண்ணீரா?

தர்மபுரி மாவட்டத்து ஊராட்சி ஒன்றின் குடிநீர்க் குழுவினர் சில மாதங்களுக்கு முன் ஒரு விளம்பரத் தாளோடு என்னைப் பார்க்க வந்தார்கள். அவர்களுடைய ஊரில் ஏறத்தாழ 200 குடும்பங்கள் இருக்கின்றன. காவிரி நீரைக் கொண்டுவரும் ஒகேனக்கல் திட்டத்தின் குழாய் ஊருக்குள் வந்துவிட்டது என்றாலும் தண்ணீர் நாள்தோறும் வருவதில்லை. வராத நாள்களில் தொட்டியை இயக்குபவர் பழைய ஆழ்துளைக் கிணற்றின் மோட்டாரைப் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்பிவிடுகிறார். அந்தக் கிணற்று நீரில் லிட்டருக்கு 3 மில்லிகிராம் அளவில் ஃபுளோரைடு இருக்கிறது. ஃபுளோரைடைத் தின்றுவிடும் பாக்டீரியா அடைத்த வடிகலன் ஒன்றைப் பொருத்தினால் கவலை தீர்ந்தது என்றது விளம்பரத் தாள். அதை வாங்கலாமா, படிகாரமும் சுண்ணாம்பும் போதுமா, ஆர்.ஓ. நிலையம் கேட்டு மனுக் கொடுக்கலாமா, அல்லது ஒகேனக்கல் தண்ணீரையே ஒழுங்காகப் பயன்படுத்த வழி தேடலாமா என்பதுதான் அவர்கள் முன் இருந்த கேள்வி. அன்று வாய்மொழியாகச் சொன்னதை இங்கே கணக்கோடு எழுதுகிறேன். இதே கேள்வி இந்த மாவட்டத்திலும் கிருஷ்ணகிரியிலும் இன்னும் பல ஊர்களுக்கு உண்டு.

முதலில் ஊருக்குப் போய்த் தண்ணீரைப் பார்த்தேன். களப் பரிசோதனைப் பெட்டியில் உள்ள சிர்கோனியச் சாயக் கரைசல் இளஞ்சிவப்பாக இருக்கும். நீரில் உள்ள ஃபுளோரைடு சிர்கோனியத்தைத் தன் பக்கம் இழுத்துக்கொள்ள, சாயம் விடுபட்டு நிறம் மஞ்சளை நோக்கி நகரும். ஒகேனக்கல் நீர் விட்ட சோதனைக் குழாயில் இளஞ்சிவப்பு ஏறத்தாழ அப்படியே நின்றது. கிணற்று நீர் விட்ட குழாய் சிறிது நேரத்தில் எலுமிச்சம்பழ நிறத்துக்கு வந்துவிட்டது. இரண்டையும் வெயிலில் தூக்கிப் பிடித்துக் காட்டியபோது பக்கத்தில் நின்ற பத்து வயதுப் பையன் வாயைக் கையால் பொத்திக்கொண்டு சிரித்தான். கையை எடுத்தபோது பார்த்தேன்: முன்பற்களின் குறுக்கே சுண்ணாம்பு பூசியதுபோல் வெள்ளைத் திட்டுகள், அவற்றின் நடுவே காவிக் கோடுகள். "சரியா பல்லே வெளக்க மாட்டேங்கிறான் சார்" என்று அவனுடைய அம்மா அவனைக் கடிந்துகொண்டார். அந்தக் கறை பல்லின் மேல் படிந்தது அல்ல. ஈறுக்குள் பல் உருவாகிக்கொண்டிருந்த காலத்திலேயே எனாமலுக்குள் இறங்கியது. எந்தப் பற்பொடியும் அதை எடுக்காது. பையன் மீது தவறில்லை என்று அந்த அம்மாவிடம் இரண்டு முறை சொல்லிவிட்டுத்தான் அங்கிருந்து கிளம்பினேன்.

குடிநீருக்கான இந்தியத் தரமான ஐ.எஸ். 10500, ஃபுளோரைடு லிட்டருக்கு 1 மி.கி.க்குள் இருக்க வேண்டும் என்கிறது. வேறு நீராதாரமே இல்லாத இடத்தில் 1.5 மி.கி. வரை பொறுத்துக்கொள்ளலாம் என்கிறது. உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டு அளவும் 1.5 மி.கி.தான். லிட்டருக்கு 3 முதல் 6 மி.கி. வரை உள்ள நீரை நெடுங்காலம் குடிப்பவர்களுக்கு எலும்பிலும் மூட்டிலும் பாதிப்பு தெரியத் தொடங்கும். ஆக இந்த ஊர் எல்லைக் கோட்டில் நிற்கிறது. இந்தியாவில் ஃபுளோரோசிஸ் எனப்படும் இந்த நோய் மருத்துவ இதழில் முதன்முதலாகப் பதிவானது 1937இல், ஷார்ட் என்ற மருத்துவரும் அவருடைய குழுவினரும் அன்றைய சென்னை மாகாணத்தின் நெல்லூர் மாவட்டத்துக் கிராமங்களைப் பார்த்து எழுதியபோது. அந்தப் பகுதி பின்னாளில் ஆந்திரத்தின் பிரகாசம் மாவட்டத்தில் சேர்ந்தது. நம்மைப் பொறுத்தவரை இது புதிய வியாதி அல்ல, முக்கால் நூற்றாண்டுக்கு மேலாகத் தெரிந்தே நாம் சுமந்துவரும் வியாதி.

எந்த வழி உதவும், எது உதவாது என்பதைப் புரிந்துகொள்ள, ஃபுளோரைடு கிணற்றுக்குள் எப்படி வருகிறது என்பதைக் கொஞ்சம் பார்த்தாக வேண்டும். தர்மபுரியின் அடிநிலம் கருங்கல்லும் பட்டைக்கல்லுமான பழம்பாறை. அதிலுள்ள ஃபுளோரைட், அபடைட், பயோடைட் போன்ற கனிமங்களில் ஃபுளோரின் இருக்கிறது. பாறைப் பிளவுகளில் நீண்ட காலம் தங்கிய நீர் பைகார்பனேட்டும் சோடியமும் மிகுந்து, சற்றுக் காரத்தன்மை ஏறி, கால்சியத்தை இழந்துவிடுகிறது. கால்சியம் நிறைய இருந்தால் ஃபுளோரைடைக் கட்டிப்போட்டு வீழ்படிவாக இறக்கிவிடும். கால்சியம் குறைந்த நீரில் ஃபுளோரைடு தடையில்லாமல் கரைந்து நிற்கும். அதனால்தான் உப்பே கரிக்காத, பருப்பு நன்றாக வேகிற, "இனிப்புத் தண்ணி" என்று ஊரார் விரும்பிக் குடிக்கிற கிணற்றிலேயே பல நேரம் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கிறது. இதை ஊரில் நம்பவைப்பது எளிதல்ல.

அப்படியானால் சுண்ணாம்பைக் கொட்டிக் கால்சியத்தைக் கூட்டினால் போதாதா என்று குழுவிலிருந்த ஓர் இளைஞர் கேட்டார். மிகச் சரியான கேள்வி. கால்சியம் ஃபுளோரைடின் கரைதிறனை வைத்துக் கணக்குப் போட்டால், ஃபுளோரைடை 1.5 மி.கி.க்கு இறக்குவதற்கு நீரில் லிட்டருக்குச் சுமார் 220 மி.கி. கால்சியம் கரைந்துகொண்டே இருக்க வேண்டும், 1 மி.கி.க்கு இறக்க வேண்டுமானால் ஏறக்குறைய 500 மி.கி. வேண்டும். குடிநீரில் கால்சியத்துக்கு அனுமதிக்கப்பட்ட உச்ச அளவே 200 மி.கி.தான். தொழிற்சாலைக் கழிவில் நூற்றுக்கணக்கான மில்லிகிராம் ஃபுளோரைடு இருக்கும்போது சுண்ணாம்பு அற்புதமாக வேலை செய்யும், 3 மி.கி.யை 1 மி.கி. ஆக்கும் நுணுக்கமான வேலைக்கு அது தனியாக உதவாது. இந்த 220 என்ற எண்ணை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பாக்டீரியாவைப் பற்றிப் பேசும்போதும் இது குறுக்கே வந்து நிற்கும்.

இன்னொரு கணக்கும் வேண்டும். கிணற்று நீரின் ஃபுளோரைடு உடலுக்குள் போவது குடிக்கும் நீராலும் சமையல் நீராலும்தான். குளிப்பதாலும் துணி துவைப்பதாலும் அல்ல. ஃபுளோரைடு மிகுந்த குடியிருப்புகளுக்கு இடைக்கால ஏற்பாடாகத் தலைக்கு நாளொன்றுக்கு 8 முதல் 10 லிட்டர் சுத்திகரித்த நீர் தரும்படி 2019இல் தொடங்கிய ஜல் ஜீவன் இயக்கமும் சொல்கிறது. 200 குடும்பங்களில் 800 பேர் என்றால் நாளொன்றுக்கு 8,000 லிட்டர். லிட்டருக்கு 2 மி.கி. நீக்க வேண்டுமென்றால் ஊர் முழுவதற்கும் ஒரு நாளில் எடுக்க வேண்டிய ஃபுளோரைடு 16 கிராம். மூன்று தேக்கரண்டி உப்பின் எடைகூட இல்லை. அந்தப் பதினாறு கிராமை ஒவ்வொரு நாளும், ஒரு நாள் தவறாமல், யார் எடுப்பது, எடுத்ததை எங்கே போடுவது என்பதுதான் மொத்தச் சிக்கலும்.

இனி பாக்டீரியாவுக்கு வருகிறேன். பாக்டீரியாவைக் கொண்டு தண்ணீரைச் சுத்தம் செய்வது புதுமையும் அல்ல, பொய்யும் அல்ல. மெதுவாக நீர் இறங்கும் மணல் வடிப்பானின் மேற்பரப்பில் படரும் உயிர்ப்படலம்தான் அதில் பாதி வேலையைச் செய்கிறது. நீரிலுள்ள இரும்பைப் பாக்டீரியா துருவாக மாற்றி மணலில் படியச் செய்கிறது. நைட்ரேட்டை, ஆக்சிஜனுக்குப் பதிலாகச் சுவாசத்துக்குப் பயன்படுத்தி, நைட்ரஜன் வாயுவாக்கிக் காற்றில் விட்டுவிடுகிறது. இவை எல்லாவற்றிலும் பாக்டீரியாவுக்கு ஒரு லாபம் இருக்கிறது: ஆற்றல் கிடைக்கிறது, அல்லது மூச்சு விட வழி கிடைக்கிறது. ஃபுளோரைடில் அந்த லாபமே இல்லை. ஃபுளோரின் அணு ஓர் எலக்ட்ரானை வாங்கி நிறைவடைந்துவிட்ட நிலைதான் ஃபுளோரைடு. அதை மேலும் எரிக்க முடியாது, உடைக்க முடியாது, வாயுவாக்கி அனுப்பவும் முடியாது. ஆகவே 'தின்னும்' என்ற சொல்லே இங்கே பொருந்தாது. சில பாக்டீரியாக்கள் கார்பனோடு பிணைந்த ஃபுளோரினை அறுத்தெடுக்கும் என்பது உண்மைதான். ஆனால் அந்த வேலையின் முடிவில் நீரில் ஃபுளோரைடு கூடுமே தவிரக் குறையாது. பூச்சிமருந்து எச்சத்துக்கும் ரசாயனக் கழிவுக்கும் உரிய அந்தச் செய்தியைக் கிணற்று நீரோடு போட்டுக் குழப்பி எழுதும் கட்டுரைகளை நானே படித்திருக்கிறேன்.

பாக்டீரியாவால் ஃபுளோரைடை மூன்று விதமாகத்தான் பிடிக்க முடியும்: உயிரணுவுக்குள் எடுத்துச் சேர்ப்பது, உடலின் மேற்பரப்பில் ஒட்டவைத்துக்கொள்வது, சுற்றியுள்ள நீரின் வேதியியலை மாற்றிக் கனிமமாக இறக்குவது.

முதல் வழியை இயற்கையே அடைத்து வைத்திருக்கிறது. அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகத்தில் ரொனால்ட் பிரேக்கரின் குழு 2012இல் வெளியிட்ட ஆய்வு, பாக்டீரியாக்களிடம் ஃபுளோரைடை உணரும் ஆர்.என்.ஏ. கட்டமைப்பு ஒன்று இருப்பதைக் காட்டியது. உள்ளே ஃபுளோரைடு ஏறியதும் அந்த ஆர்.என்.ஏ. ஆணை கொடுக்க, ஃபுளோரைடை வெளியே தள்ளும் புரதங்கள் உருவாகின்றன. அதாவது ஃபுளோரைடைத் தாங்கி வளரும் பாக்டீரியா, அதை உள்ளே அடுக்கிவைத்துக்கொள்வதால் தாங்குவதில்லை; வாசலுக்கு வெளியே விரட்டிக்கொண்டே இருப்பதால் தாங்குகிறது. தாங்கும் திறனையும் நீக்கும் திறனையும் ஒன்றாக நினைப்பதுதான் இந்தத் துறையில் மிகப் பரவலான பிழை என்று எனக்குத் தோன்றுகிறது. அதோடு, ஃபுளோரைடு உயிரணுச் சவ்வை எளிதாகக் கடப்பது ஹைட்ரோஜன் ஃபுளோரைடு வடிவில்; அந்த வடிவம் அமில நீரில்தான் கணிசமாக இருக்கும். அமில-கார அளவான பிஎச் 8 அளவிலுள்ள நம் கிணற்று நீரில் லட்சத்தில் ஒன்றிரண்டு பங்குதான் தேறும்.

இரண்டாவது வழியில் ஓரளவு உயிர் இருக்கிறது. ராஜஸ்தான், மேற்கு வங்கம் போன்ற மாநிலங்களின் ஃபுளோரைடு மண்ணிலிருந்தும் நீரிலிருந்தும் பிரித்தெடுத்த பாக்டீரியாக்களை வைத்து இந்திய ஆய்வுக்கூடங்கள் பல சோதனைகள் செய்திருக்கின்றன. அசினெட்டோபாக்டர், புரோவிடென்சியா, பாசிலஸ் ஆகிய பேரினப் பெயர்கள் அடிக்கடி தென்படும். ஆனால் காரத்தன்மையுள்ள நீரில் பாக்டீரியாவின் மேற்பரப்பு எதிர்மின்னேற்றம் கொண்டிருக்கும், ஃபுளோரைடும் எதிர்மின்னேற்றம் கொண்டது. இரண்டும் ஒன்றையொன்று தள்ளும். அதனால்தான் ஆய்வாளர்கள் இறந்த உயிர்ப்பொருளின் மேல் கால்சியம், அலுமினியம், சிர்கோனியம் போன்ற உலோகங்களை ஏற்றி, அந்த உலோகத்தைக் கொண்டு ஃபுளோரைடைப் பிடிக்கிறார்கள். அப்படிச் செய்யும்போது வேலை செய்வது உலோகம், பாக்டீரியா அதைத் தாங்கும் மேடை. இதில் தவறேதும் இல்லை, நல்ல உத்திதான். ஆனால் அப்போது அதை, ஃபுளோரைடைப் பிடிக்க வழக்கமாகப் பயன்படும் அலுமினியச் சேர்மமான அலுமினாவோடு வைத்து எடை போட வேண்டும். ஒரு கிராம் உலர்ந்த உயிர்ப்பொருள் ஒரு மில்லிகிராம் பிடிக்கிறது என்று வைத்துக்கொண்டால், நம் ஊரின் 16 கிராமுக்கு நாளொன்றுக்கு 16 கிலோ உயிர்ப்பொருள் வேண்டும். அதை வளர்ப்பது, உலர்த்துவது, நிறைந்தபின் அப்புறப்படுத்துவது எல்லாம் யாருடைய வேலை?

மூன்றாவது வழிதான் அறிவியல் நோக்கில் சுவையானது. யூரியாவை உடைக்கும் பாக்டீரியா கார்பனேட்டை உண்டாக்கி, நீரின் காரத்தன்மையை உயர்த்தி, கால்சியம் கார்பனேட்டைப் படியச் செய்கிறது. படியும்போது ஃபுளோரைடையும் சேர்த்து இழுத்துக்கொண்டு இறங்குகிறது. ஆனால் ஒவ்வொரு யூரியா மூலக்கூறும் உடையும்போது இரண்டு அம்மோனியம் பிறக்கிறது. லிட்டருக்கு 60 மி.கி. யூரியா உடைந்தாலே 36 மி.கி. அம்மோனியம் சேரும், குடிநீரில் அம்மோனியாவுக்கு உள்ள எல்லை அரை மில்லிகிராம். ஃபுளோரைடை எடுக்கப் போய் அதைவிடப் பல மடங்கு அம்மோனியாவைக் கலப்பது எந்த ஊருக்கும் ஆகாது. நைட்ரேட்டைச் சுவாசிக்கும் பாக்டீரியாவைக் கொண்டு இதே வேலையைச் செய்ய முயலும் ஆய்வுகள் எனக்கு நம்பிக்கை தருகின்றன, ஏனென்றால் கடினப்பாறைப் பகுதிக் கிணறுகள் பலவற்றில் நைட்ரேட்டும் சேர்ந்தே இருக்கிறது. ஒரு கல்லில் இரண்டு மாங்காய். எனினும் அங்கேயும் பாக்டீரியாவுக்குக் கரிமப் பொருளைத் தீனியாகக் கொடுக்க வேண்டும், வெளியிலிருந்து கால்சியம் சேர்க்க வேண்டும், கால்சியம் ஃபுளோரைடாக மட்டும் இறங்கும் எதற்கும் அந்த 220 மி.கி. சுவர் காத்திருக்கிறது. பாஸ்பேட்டும் கூட்டிச் சேர்த்து ஃபுளோரோஅபடைட்டாக இறக்கினால் அந்தச் சுவரைத் தாண்டலாம். அப்போது மிஞ்சும் பாஸ்பேட்டைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பாதுகாப்பையும் சொல்லியாக வேண்டும். அசினெட்டோபாக்டர், புரோவிடென்சியா என்னும் இந்தப் பேரினங்களில் மருத்துவமனைத் தொற்றுகளை உண்டாக்கும் இனங்கள் இருக்கின்றன. மண்ணிலிருந்து எடுத்த எல்லாமே நோய்க்கிருமி என்று சொல்லவில்லை. குழந்தைகள் குடிக்கும் நீருக்குள் உயிருள்ள ஒன்றை விடுவதற்கு முன் அதன் இனம் எது, அது எதற்கு மசியும், எதற்கு மசியாது என்பது சான்றோடு தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். மேலும், குழாய் முனையில் லிட்டருக்கு 0.2 மி.கி. குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்பது விதி. பாக்டீரியாவைக் காப்பாற்ற வேண்டிய கட்டமும் அதைக் கொல்ல வேண்டிய கட்டமும் ஒரே குழாய்த் தொடரில் அடுத்தடுத்து வருகின்றன. நடுவில் வடிகட்டல் பிசகினால் இரண்டும் கெடும். ஆய்வுக்கூடச் சோதனைகள் பெரும்பாலும் சத்துக் குழம்பில், மாறாத வெப்பத்தில், சோடியம் ஃபுளோரைடு கலந்து செய்யப்படுபவை. பைகார்பனேட் மிகுந்த, தீனி எதுவும் இல்லாத, மோட்டார் ஓடும்போது மட்டும் பாயும் நம் கிணற்று நீர் வேறு உலகம்.

பாக்டீரியா ஆய்வால் ஊருக்கு உடனடிப் பயன் ஒன்று உண்டென்றால் அது கண்டறிதலில்தான் என்பது என் கணிப்பு. நான் மேலே சொன்ன அந்த ஃபுளோரைடு உணரும் ஆர்.என்.ஏ.வை எடுத்து, உயிரணு இல்லாமலே, உலர்பொடியாகச் சிறு குழாயில் அடைத்து, நீர் விட்டால் நிறம் மாறும்படி அமெரிக்காவின் நார்த்வெஸ்டர்ன் பல்கலைக்கழகக் குழு ஒன்று 2020இல் செய்து காட்டியது. கோஸ்டாரிகாவின் எரிமலைப் பகுதி நீரில் அதைக் களத்திலேயே சோதித்தார்கள். அமில சாயக் கரைசலைக் கையாளத் தெரியாத எவரும் பயன்படுத்தக்கூடிய பரிசோதனையாக அது மலிந்து வருமானால், எந்தக் கிணறு ஆகாது என்பதை ஊரே தெரிந்துகொள்ளும்.

படிகார முறைக்கு வருவோம். நாக்பூரில் உள்ள நீரி எனப்படும் தேசியச் சுற்றுச்சூழல் பொறியியல் ஆய்வு நிறுவனம் உருவாக்கியது. நல்கொண்டா முறை என்று பெயர். வாளி நீரில் படிகாரக் கரைசலையும் அதில் இருபதில் ஒரு பங்கு அளவுக்குச் சுண்ணாம்பையும் கொஞ்சம் பிளீச்சிங் பவுடரையும் போட்டு, ஒரு நிமிடம் வேகமாகவும் பிறகு பத்து நிமிடம் மெதுவாகவும் கலக்கினால், நீருக்குள் பஞ்சுப் பிசிறுபோல் வெண்துகள்கள் திரள்வது கண்ணுக்குத் தெரியும். ஒரு மணி நேரம் அசையாமல் வைத்தால் அவை அடியில் படியும். மேலே தெளிந்ததை வடித்துக்கொள்ளலாம். மின்சாரம் வேண்டாம், பொருள்கள் எந்தக் கடையிலும் கிடைக்கும். ஆனால் காரத்தன்மை மிகுந்த நம் நீருக்கு லிட்டருக்குப் பல நூறு மில்லிகிராம் படிகாரம் ஆகும், அளவு கிணற்றுக்குக் கிணறு மாறும், அளவு தவறினால் குடிநீரில் அலுமினியம் தங்கும். அதற்கான உச்ச எல்லை 0.2 மி.கி. மட்டுமே. விடியற்காலையில் வேலைக்குப் போகும் ஒரு பெண் நாள்தோறும் இதைச் செய்வார் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை. பள்ளிச் சத்துணவுக் கூடத்தில், பயிற்சி பெற்ற ஒருவர் செய்தால் சரிவரும்.

கிளர்வூட்டிய அலுமினா வடிகலன் இதைவிட எளிது: நீர் அதன் வழியே இறங்கினால் போதும். நம் நீரின் பிஎச் அளவில் ஒரு கிலோ அலுமினா ஏறத்தாழ 1 முதல் 2 கிராம் வரை ஃபுளோரைடு பிடிக்கும் என்று கொண்டால், 300 கிலோ கொண்ட கலன் நம் ஊருக்கு மூன்று முதல் ஐந்து வாரம் தாங்கும். பிறகு காஸ்டிக் சோடாவால் கழுவி, நீர்த்த அமிலத்தால் பதப்படுத்தினால் மறுபடி பயன்படும். இந்த 'பிறகு' என்ற சொல்லில்தான் எல்லாம் கவிழ்கிறது. ஒரு கிராமத்தில் அழகான நீலக் கலன் ஒன்றைப் பார்த்தேன். திறப்பு விழாக் கல்லும் பக்கத்திலேயே இருந்தது. அதிலிருந்து வந்த நீரைச் சோதித்தேன், உள்ளே போகும் நீரும் வெளியே வரும் நீரும் ஒரே மஞ்சள். அலுமினா நிறைந்து மாதக்கணக்காகியிருந்தது. கழுவ வேண்டும் என்று ஊரில் யாருக்கும் யாரும் சொல்லவில்லை. மக்களோ சுத்திகரித்த நீர் என்று நம்பி அதையே வரிசையில் நின்று பிடித்துக்கொண்டிருந்தார்கள். அந்தக் காட்சியை நான் இன்னும் மறக்கவில்லை.

ஆர்.ஓ. ஃபுளோரைடைப் பெரும்பாலும் நீக்கிவிடும் என்பதில் ஐயமில்லை. ஆனால் பாதி நீர் கழிவாகப் போகுமானால், 8,000 லிட்டருக்கு 16,000 லிட்டர் இறைக்க வேண்டும். கழிவு நீரில் ஃபுளோரைடு லிட்டருக்கு 6 மி.கி.யை நெருங்கும், அது அடுத்த வீட்டுக் கிணற்றுக்கே திரும்பிப் போகும். கோடையில் 600, 800 அடிக்கு இறங்கிவிடும் கிணற்றை நம்பியிருக்கும் ஊருக்கு இது பெரிய விலை. எலும்புக்கு வேண்டிய கால்சியத்தையும் அது எடுத்துவிடுகிறது என்பது கூடுதல் குறை. ஃபுளோரைடைப் பிடிக்கும் எலும்புக் கரி கென்யாவிலும் தான்சானியாவிலும் நன்றாகவே பயன்படுகிறது. நம் ஊர்களில் அதைக் குடிநீருக்குள் வைக்க ஒப்புக்கொள்ள மாட்டார்கள், அதைப் பேசிப் பயனில்லை. ஒன்றை மட்டும் இடையில் சொல்லிவிடுகிறேன்: கொதிக்கவைப்பது ஃபுளோரைடைக் குறைக்காது, நீர் ஆவியாகப் போவதால் சற்றுக் கூட்டவே செய்யும்.

இவை எல்லாமே, ஃபுளோரைடு நீரை எடுத்துப் பிறகு அதைத் திருத்தும் வழிகள். ஃபுளோரைடுத் தொல்லை இல்லாத நீர் இந்த ஊருக்கு இரண்டு பக்கத்திலிருந்து வருகிறது: வானத்திலிருந்தும் காவிரியிலிருந்தும். 30 சதுர மீட்டர் கூரையில் ஆண்டுக்கு 850 மி.மீ. மழை பெய்து, அதில் ஐந்தில் நான்கு பங்கு பிடித்தால் 20,000 லிட்டர் கிடைக்கும். நால்வர் குடும்பத்துக்கு நாளொன்றுக்கு 40 லிட்டர் வீதம் மழையில்லாத ஐந்து மாதத்துக்கு வேண்டியது 6,000 லிட்டர்தான். மூடிய தொட்டி, முதல் மழையை வெளியே விட ஒரு திறப்பு, கொசு புகாத வலை, இவை போதும். ஓட்டு வீடுகளில் இது எளிது, ஓலைக் கூரை வீடுகளில் முடியாது.

காவிரி நீர் இந்த மாவட்டத்துக்கு வந்ததே ஃபுளோரோசிஸை முன்னிட்டுத்தான். ஒகேனக்கல் குடிநீர் வழங்கல் மற்றும் ஃபுளோரோசிஸ் தணிப்புத் திட்டம் என்பதே அதன் முழுப்பெயர். ஜப்பானியக் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாய் மதிப்பில் திட்டமிடப்பட்டு 2013இல் நாட்டுக்கு அர்ப்பணிக்கப்பட்டது. அவ்வளவு செலவில் வரும் நல்ல நீரை ஊர்த் தொட்டியில் கிணற்று நீரோடு கலந்துவிடுவதுதான் இங்கே நடக்கும் பெரும் இழப்பு. ஆற்று நீரில் 0.4 மி.கி. இருப்பதாகக் கொண்டால், பாதிக்குப் பாதி கலந்தால் 1.7 மி.கி.; இரண்டு பங்கு ஆற்று நீருக்கு ஒரு பங்கு கிணற்று நீர் என்றால் 1.27 மி.கி. எந்த நாளில் எந்தப் பங்கு என்பது யாருக்கும் தெரியாது. ஊரிலிருக்கும் மேல்நிலைத் தொட்டி 30,000 லிட்டர் கொள்ளும். அதை ஆற்று நீருக்கு மட்டும் ஒதுக்கிக் குடிக்கவும் சமைக்கவும் மட்டும் விட்டால் மூன்றரை நாளைக்குக் குறையாமல் தாங்கும். இடைவெளி அதற்குமேல் நீள்வது அரிது என்று அவர்களே சொன்னார்கள். கிணற்று நீரைத் தெருவிலுள்ள சிறுமின்விசைத் தொட்டிகளுக்குத் திருப்பிவிட்டால் துவைக்கவும் புழங்கவும் ஆகும். வீட்டுக் குழாயில் வரும் ஆற்று நீரைப் புழக்கத்துக்கும் எடுத்துவிடுவார்களே என்ற தயக்கம் நியாயமானது. அதற்காகத்தான் காலையில் குடத்துக்கென்று அரை மணி நேரம் மட்டும் திறப்பது என்று பேசி முடித்தோம்.

ஆகவே இந்த ஊருக்கு நான் சொன்ன வரிசை இது. முதலில் இரண்டு நீரையும் பிரிப்பது. அதற்குச் சில வால்வுகளும் குழாய்த் துண்டுகளும்தான் செலவு. அடுத்து, பள்ளியிலும் அங்கன்வாடியிலும் மழைநீர்த் தொட்டி, ஏனென்றால் பல் உருவாகும் வயதுக் குழந்தைகள் அங்கேதான் இருக்கிறார்கள். ஆற்று நீர், தொட்டி தாங்கும் மூன்றரை நாளுக்கும் மேல் நின்றுபோனால் மட்டும் பயன்படுத்த ஓர் அலுமினா கலன். அதுவும் கழுவும் நாளும் கழுவுபவர் பெயரும் அதன் மேலேயே எழுதியிருக்கும் என்றால் மட்டும். பாக்டீரியா வடிகலன் இப்போது வேண்டாம்.

'இப்போது' என்று மனமறிந்துதான் சொல்கிறேன். அலுமினாவைக் கழுவிய காரக் கழிவில் ஃபுளோரைடு பல மடங்கு செறிந்திருக்கும்; அதைக் கனிமமாக இறுக்கிக் கட்டுவதில் பாக்டீரியாவுக்கு இடம் இருக்கலாம், அங்கே யாரும் அதைக் குடிக்கப் போவதில்லை. குடிநீருக்கென்று அதை விற்க வருபவரிடம் கேட்க வேண்டியவற்றையும் குழுவுக்கு எழுதிக் கொடுத்தேன். எங்கள் கிணற்று நீரிலேயே ஆறு மாதம் ஓட்டிக் காட்டுவீர்களா? பாக்டீரியா இல்லாத அதே கலன் எவ்வளவு நீக்குகிறது என்ற ஒப்பீடு இருக்கிறதா? உயிரினத்தின் பெயர் என்ன, வெளிவரும் நீரில் அம்மோனியா, பாஸ்பேட், நுண்ணுயிர் எண்ணிக்கை எவ்வளவு? பிடிபட்ட ஃபுளோரைடு எங்கே போகிறது? விளம்பரத் தாளில் இருந்த தொலைபேசி எண்ணை அழைத்துக் குழு இந்தக் கேள்விகளை வாசித்துக் காட்டியது. திரும்ப அழைப்பதாகச் சொன்னார்கள், இதுவரை அழைக்கவில்லை.

வால்வு மாற்றும் வேலை பொங்கலுக்கு முன் முடிந்தது. கிணற்று நீர் வரும் தெருக்குழாய்களுக்குச் சிவப்புப் பூச்சு அடித்திருக்கிறார்கள். தொட்டியை இயக்குபவர் ஒரு நாற்பது பக்க நோட்டில் ஆற்று நீர் வந்த நாள், தொட்டியின் மட்டம், மாதம் ஒருமுறை பள்ளிப் பிள்ளைகள் சோதித்துச் சொல்லும் நிறம் ஆகியவற்றைக் குறித்து வருகிறார். சென்ற முறை போனபோது அதைப் புரட்டிப் பார்த்தேன். நிறம் என்ற கட்டத்தில் இரண்டு மாதமாக 'ரோஸ்' என்று இருந்தது; மூன்றாம் மாதத்தில் 'லேசா மஞ்சள்' என்று எழுதி, பக்கத்தில் 'அஞ்சு நாள் ஆத்துத்தண்ணி வரல, போர் தண்ணி விட்டாச்சு' என்று அவரே காரணமும் எழுதியிருந்தார். அந்த ஐந்து நாளுக்காகத்தான் இப்போது அலுமினா கலனின் விலையை விசாரித்துக்கொண்டிருக்கிறோம்.